வண்டி சரி, அதன் முனையில் எதை மாட்டுகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாலை, பாலப் பணிகளின் எஸ்டிமேட்டில் ‘எக்ஸ்கவேட்டர், இத்தனை மணி நேரம்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வண்டியின் முனையில் எந்தக் கருவி மாட்டியிருக்க வேண்டும் என்று பெரும்பாலும் ஒரு சொல்கூட இருக்காது. கடலூரிலும் புதுச்சேரியிலும் பழுது பார்த்த பாலம் மறுபடி பழுதாவதற்கும், மூடிய பள்ளம் மறுபடி பள்ளமாவதற்கும் அந்த விடுபட்ட சொல் ஒரு முக்கியக் காரணம் என்பது எங்கள் கணிப்பு.

பொக்லைன், ஹிட்டாச்சி என்று நாம் அழைப்பவை கம்பெனிப் பெயர்கள். எந்த கம்பெனி வண்டிக்கும் பொதுப்பெயராகிவிட்டன. (பொக்லைன் பிரெஞ்சு நிறுவனம். புதுச்சேரிக்காரர்கள் உரிமை கொண்டாடலாம்.) வாடகைக்கு எடுத்தால் கூடவே வருவது மண் அள்ளும் பக்கெட், உடைக்கும் பிரேக்கர், இரண்டுதான். ஆகவே தார் பெயர்ப்பது, தளம் கொத்துவது, எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் (தளம் விரிந்து சுருங்க விட்ட இணைப்பு) எடுப்பது, கைப்பிடிச்சுவர் இறக்குவது எல்லாம் பிரேக்கர் வேலையாகிவிட்டன. பள்ளம் மூடுவது, மண்ணை அழுத்துவது, வாய்க்கால் தூர்வாருவது எல்லாம் பக்கெட் வேலையாகிவிட்டன.

பிரேக்கரிலிருந்தே தொடங்குகிறோம். 20 டன் வண்டியில் மாட்டும் பிரேக்கர் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு டன் எடை இருக்கும். உளியின் விட்டம் 135, 140 மி.மீ. அதை இயக்க நிமிடத்துக்கு 120 முதல் 180 லிட்டர் ஹைட்ராலிக் எண்ணெய் சுற்றி ஓடும். ஓர் அடியின் ஆற்றல் சில ஆயிரம் ஜூல், நிமிடத்துக்கு நானூறு, ஐந்நூறு அடி. கையில் பிடித்துக் கொத்தும் பத்து கிலோ சிப்பிங் மெஷினுக்கு ஓர் அடிக்கு இருபது, முப்பது ஜூல்தான். முழுப் பாலத்தையும் இடித்து அப்புறப்படுத்துவதானால் பிரேக்கரை மிஞ்ச ஆள் கிடையாது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது அதற்கென்றே சொன்னது போல இருக்கிறது. புனரமைப்பில் சிக்கல் அங்கேதான்: நகரக்கூடாத பக்கத்து அம்மியும் சேர்ந்து நகர்ந்துவிடும்.

தளத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளும் வேலையில் பெரிய பிரேக்கர் இறங்கினால் இரண்டு சேதம் நடக்கிறது. அடித்த இடத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்களோடு நைந்துபோன ஓர் அடுக்கு உருவாகிறது. அதன் மேல் எவ்வளவு நல்ல கான்கிரீட் போட்டாலும், பிடிப்பு விடுவது புதிய கான்கிரீட்டில் இருக்காது, அந்த நைந்த அடுக்கில்தான் இருக்கும். இரண்டாவது, உளி கம்பியில் பட்டால் அதிர்வு கம்பி வழியாகவே ஓடி, உடைக்காத பகுதியிலும் கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. மேலே பார்த்தால் நல்ல கான்கிரீட். தட்டிப் பார்த்தால் பொத்தல் சத்தம்.

நம் ஊரில் இதற்கு உப்பும் சேர்ந்துகொள்கிறது. கெடிலம், பரவனாறு, தென்பெண்ணை, அரியாங்குப்பம் ஆறு எல்லாமே கடைசிக் கிலோமீட்டர்களில் கடல்நீர் ஏறி இறங்கும் இடங்கள். தூண்களிலும் தளத்தின் அடிப்பக்கத்திலும் குளோரைடு ஊறிப்போய்க் கம்பி துருப்பிடித்து, துரு பருத்து, கான்கிரீட்டைத் தள்ளுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் உதிர்ந்ததை மட்டும் தட்டிவிட்டுப் பூசினால், பூசிய ஒட்டைச் சுற்றியுள்ள பழைய உப்புக் கான்கிரீட்டில் துரு இன்னும் வேகமாகக் கிளம்பும். பழைய இடமும் புதிய இடமும் ஒரே கம்பியில் பேட்டரியின் இரண்டு முனைகளாகிவிடுவதே காரணம். ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த ஒட்டு வருவதைப் பார்த்து ‘சிமென்ட் சரியில்லை’ என்கிறோம். சிமென்ட் மேல் குற்றமில்லை.

சரியான வரிசை இதுதான். முதலில் சுத்தியலால் முழுப் பரப்பையும் தட்டி, பொத்தலாகக் கேட்கும் இடங்களைச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். குறித்த எல்லைக்குச் சற்று வெளியே, நேர்கோடுகளாக, 20 முதல் 25 மி.மீ. ஆழத்துக்கு டைமண்ட் பிளேடால் வெட்டுக் கோடு போட வேண்டும். அதற்கு முன் கம்பி எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்று கவர் மீட்டரால் பார்த்துக்கொள்வது அவசியம். இந்த வெட்டு இல்லாவிட்டால் ஒட்டின் ஓரம் அப்பள விளிம்பாக மெலிந்து, முதல் கோடையிலேயே பெயர்ந்துவிடும். உள்ளே உள்ளதை 15 கிலோவுக்கு மேற்படாத கைக்கருவியால் கொத்தி, கம்பியைச் சுற்றிப் பின்பக்கமும் ஒரு விரல் நுழையும் அளவுக்கு, 20 மி.மீ. ஆவது, இடைவெளி விட வேண்டும். உப்பு கம்பிக்குப் பின்னாலும் போயிருந்தால் அதற்கும் ஆழமாகவே எடுக்க வேண்டியிருக்கும். கடைசியில் உயர் அழுத்த நீரால் கழுவினால் தூசியும் நைந்த துணுக்குகளும் போய்விடும். பரப்பு பெரிதாக இருந்தால் தண்ணீரின் அழுத்தத்தாலேயே கான்கிரீட்டை அரித்தெடுக்கும் முறை இருக்கிறது. கம்பிக்குச் சேதமே வராது. செலவு அதிகம், எல்லாச் சிறுபாலத்துக்கும் கட்டாது.

இதில் எக்ஸ்கவேட்டருக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. பாலத்தின் மேல் வருடக்கணக்கில் அடுக்கிய தாரை எடுப்பது அதில் முதல் வேலை. இதைப் பலர் பெரிதாக நினைப்பதில்லை. 7.5 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம் கொண்ட ஒரு கண்ணின் (இரண்டு தூண்களுக்கு நடுவிலான பகுதி) மேல் 5 செ.மீ. தார்க் கலவை போட்டால் 7.5 கன மீட்டர். எடை ஏறத்தாழ 17 டன். சரக்கு ஏற்றிய இரண்டு அச்சு லாரி ஒன்றை அந்தக் கண்ணின் மேல் நிரந்தரமாக நிறுத்தி வைப்பதற்குச் சமம். பழையதைச் சுரண்டாமல் மூன்று முறை மேல்பூச்சு போட்ட பாலம் மூன்று லாரிகளைச் சுமந்துகொண்டே போக்குவரத்தையும் சுமக்கிறது. கைப்பிடிச்சுவரின் உயரம் குறைகிறது, மழைநீர்க் குழாய்களின் வாய் அடைபடுகிறது.

இந்தத் தாரை பக்கெட் பல்லால் கிளறி எடுப்பதுதான் வழக்கம். அடியில் இருப்பது பழைய 75 மி.மீ. கான்கிரீட் மேற்பூச்சு, அதற்கும் கீழே தளத்தின் கம்பிக்கு மேல் அதை மூடிக் காக்கும் சில சென்டிமீட்டர் கான்கிரீட், அதாவது கவர். பல் ஒருமுறை தவறினால் நீர்ப்புகாப்பும் போய், கவரும் போய்விடும். பெரிய பாலத்துக்கு மில்லிங் மெஷின் வரும். சிறுபாலத்துக்கு, ஸ்கிட் ஸ்டீர் என்ற சிறிய வண்டியில் மாட்டும் 40 முதல் 60 செ.மீ. அகல பிளேனர் (தாரைச் சுரண்டும்) உருளை போதும். உருளையின் இரு பக்கமும் தரையில் சறுக்கும் தாங்கிகளில் ஆழத்தைப் பூட்டி வைத்து, ஓர் ஓட்டத்துக்கு இரண்டு, மூன்று செ.மீ. என்று எடுக்கலாம். கடைசி ஒரு செ.மீ.யை உருளைக்குக் கொடுக்காமல் கையால் எடுப்பது புத்திசாலித்தனம். வெட்டிய தாரும் தூளாகக் கிடைக்கும், அதைச் சாலை ஓரத்துக்கோ மறுசுழற்சிக் கலவைக்கோ பயன்படுத்தலாம்.

பாலத்தின் மேல் வண்டியை ஏற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். ‘செயின் வண்டிதானே, எடை பரவிவிடும், லாரியைவிடப் பாதுகாப்பு’ என்ற வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. சும்மா நிற்கும்போது உண்மைதான், சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ அளவுதான் அழுத்தம். பிரேக்கரை ஊன்றி அழுத்தும்போது வண்டியின் முன்பக்கம் லேசாக எழும்புகிறது. 20 டன்னின் பெரும்பகுதி செயினின் பின்முனைக்குப் போகிறது. கான்கிரீட் சட்டென்று உடைந்ததும் முன்பக்கம் தளத்தின் மேல் தொப்பென்று விழுகிறது. நாள் முழுக்க இந்த ஏற்றமும் இறக்கமும், அதுவும் ஏற்கெனவே பலவீனம் என்று சொல்லிப் புனரமைக்க எடுத்த தளத்தின் மேல். கூடுமானவரை வண்டியை அணுகு சாலையில் நிறுத்திக் கை நீட்டி வேலை செய்ய வேண்டும். எட்டாவிட்டால் 3 முதல் 5 டன் மினி வண்டியை, அடியில் முட்டுக் கொடுத்து, பொறியாளர் கணக்குப் பார்த்த பிறகு மட்டும் ஏற்றலாம். முன்அழுத்தக் கம்பி உள்ள உத்திரமாக இருந்தால் பிரேக்கரை அருகிலேயே விடக்கூடாது. இழுவையில் இருக்கும் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

உடைத்து அகற்றும் பகுதிகளுக்கு, முக்கியமாகக் கைப்பிடிச்சுவர், நடைமேடை ஸ்லாப், பழைய சிறுபாலத்தின் மேல்தளம் இவற்றுக்கு, கிரஷர் தாடை என்கிற பல்வரைசர் மிகப் பொருத்தம். நண்டுக் கொடுக்கு மாதிரி கடித்து நொறுக்கும். அடி இல்லை, அதிர்வு மிகக் குறைவு, சத்தமும் குறைவு. கம்பி தனியாக, காரை தனியாகப் பிரிந்துவிடும். முதலில் நிற்க வேண்டிய பகுதிக்கும் போக வேண்டிய பகுதிக்கும் நடுவே முழு ஆழத்துக்கு வெட்டுக் கோடு போட்டு, கம்பிகளை அறுத்துவிட்டு, பிறகு கடிக்க வைக்க வேண்டும். வெட்டாமல் கடித்து இழுத்தால் கம்பி வழியாக மீதித் தளமும் இழுபடும். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலை ஒட்டிய தெருக்களில் இந்த முறை தவிர வேறு எதையும் அனுமதிக்கக்கூடாது என்பது எங்கள் எண்ணம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட பழைய வீடுகளின் சுவர், இருபதடி தூரத்தில் பிரேக்கர் ஓடினாலே பூச்சு உதிர்க்கும்.

‘பல்வரைசர் கேட்டோம், வண்டியில் ஓடவில்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. கருவியின் மேல் தவறில்லை, குழாயில்தான். நம் பகுதியில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலும் பிரேக்கர் லைன் மட்டுமே போட்டிருப்பார்கள். அதில் எண்ணெய் ஒரு பக்கமாகவே போகும், திரும்பும் எண்ணெய் நேராகத் தொட்டிக்கு வந்துவிடும். தாடை திறக்கவும் வேண்டும், மூடவும் வேண்டும். இரண்டு பக்கமும் அழுத்தம் வரும் இருவழி லைன் தேவை. தாடை சுழல வேண்டுமானால் அதற்குத் தனியாக இரண்டு சிறிய ஹோஸ். பிளேனர், ஆகர், டிரம் கட்டர் போன்ற மோட்டார் வைத்த கருவிகளுக்கு மூன்றாவதாக ஒரு மெல்லிய வடிகால் குழாயும் வேண்டும். மோட்டாருக்குள் கசியும் எண்ணெய் அழுத்தமே இல்லாமல் தொட்டிக்குத் திரும்புவதற்காக. அதை மாட்டாமல் அடைத்துவிட்டு ஓட்டினால் மோட்டார் தண்டின் சீல் பிதுங்கி எண்ணெய் கொட்டும். அழுத்த அளவும் வேறு: பிரேக்கருக்கு 160 முதல் 180 பார், தாடைக்கு அதைவிட மிக அதிகம். கருவி மாற்றும்போது இதையும் மாற்றி வைக்காவிட்டால் தாடை கம்பியைக் கடிக்கத் திணறும், அல்லது பிரேக்கர் தாங்காது. பழி மட்டும் ஆபரேட்டர் தலையில்.

பிரேக்கரையே பயன்படுத்தும் இடத்திலும் சில ஒழுங்குகள் உண்டு. உளி பரப்புக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரே இடத்தில் 15, 20 வினாடி அடித்தும் விரிசல் காணவில்லை என்றால் இடம் மாற்ற வேண்டும். அதற்கு மேல் அடிப்பது உளி முனையைச் சிவக்க வைத்துக் காளானாக்கும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் வைக்க வேண்டும், அதுவும் உளியைத் தரையில் ஊன்றி மேலே அழுத்திய நிலையில். தொங்கவிட்டு வைத்தால் கிரீஸ் உளிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே போய், முதல் அடியிலேயே சீலைக் கெடுக்கும். உளியால் கல்லை நெம்புவதும் தள்ளுவதும் உளியைத் தாங்கும் புஷ்ஷைத் தேய்க்கும். ஹோஸ் துள்ளிக் குதித்து, அடி மட்டும் மெதுவாக விழுந்தால் பிரேக்கருக்குள் அடைத்திருக்கும் நைட்ரஜன் வாயு இறங்கிவிட்டது என்று பொருள். நைட்ரஜன் தவிர வேறு எந்த வாயுவையும் அதில் ஏற்றக்கூடாது. உப்பனாறு போன்ற இடத்தில் தூண் அடியில் வேலை செய்யும்போது, காற்றுக் குழாய் மாட்டாத பிரேக்கரைத் தண்ணீருக்குள் இறக்கினால் பிஸ்டன் நீரை அடித்து உடையும், உடையாவிட்டால் உப்புநீர் அதைத் தின்றுவிடும்.

அடுத்து, மக்கள் தினமும் அனுபவிக்கும் விஷயம்: குழாய்ப் பள்ளம். பாதாளச் சாக்கடைக்கோ குடிநீருக்கோ வெட்டிய பள்ளத்தை பக்கெட்டால் மண் தள்ளி மூடி, பக்கெட் முதுகால் நாலு தட்டுத் தட்டி, மேலே ஜல்லி கொட்டிவிடுகிறார்கள். பக்கெட் தட்டு மேல் ஓரிரு அங்குலத்துக்குத்தான் போய்ச் சேரும். ஒன்றரை மீட்டர் ஆழப் பள்ளத்தில் நூற்றுக்குப் பத்து பங்கு இளகலாக இருந்தாலும், ஐப்பசி மழை இறங்கியதும் 15 செ.மீ. உள்வாங்கும். தெருவில் டூவீலர் விழுவதற்கு அது தாராளம். அதற்கு மேல் போட்ட தார் எவ்வளவு தரமானதாக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பள்ளத்துக்குள் ரோலர் இறங்காது. அதற்கென்றே இரண்டு அட்டாச்மென்ட் இருக்கின்றன. ஒன்று அதிரும் தட்டு. பிரேக்கர் லைனிலேயே ஓடும், எண்ணெய் ஓட்டத்தை மட்டும் அதன் அளவுக்குக் குறைத்து வைக்க வேண்டும். இன்னொன்று ஆட்டுக்கால் பற்கள் வைத்த அழுத்துச் சக்கரம். இதற்கு ஹைட்ராலிக் லைனே வேண்டாம், பக்கெட்டைக் கழற்றி இதை மாட்டி முன்னும் பின்னும் உருட்டினால் போதும். எதை எங்கே என்பது மண்ணைப் பொறுத்தது. தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், புதுச்சேரிக் கடற்கரைப் பகுதிகளின் மணலுக்குத் தட்டு. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கக் களிமண்ணுக்குச் சக்கரம். களிமண்ணில் தட்டை ஓட்டினால் ரப்பர் மாதிரி துள்ளும், இறுகாது; மணலில் சக்கரத்தை ஓட்டினால் பல் கிளறிவிடும்.

குழாயின் மேல் முதல் 30 செ.மீ. வரை கையால் அல்லது சிறு கருவியால் இறுக்க வேண்டும், வண்டித் தட்டைக் குழாய் மேல் நேராக வைத்தால் குழாய் உடையும். அதற்கு மேல் 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாக மண் போட்டு, ஒவ்வொன்றையும் ஈரம் பார்த்து இறுக்கி, சாலை அடிமண் மட்டம் வரும்போது ஆய்வகத்தில் அதே மண்ணுக்குக் கிடைத்த உச்ச அடர்த்தியில் 97 சதவீதம் வந்ததா என்று மணல் மாற்று முறையில் சோதிக்க வேண்டும். தண்ணீர் விட்டு நிரப்பி ‘தானாக இறங்கட்டும்’ என்பது தூய மணலில் ஓரளவு பலிக்கும், களிமண்ணில் சேறுதான் மிஞ்சும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமுள்ள பள்ளத்துக்கு முட்டுப் பலகை கட்டாயம். நம் கடற்கரை மணலில் ஒரு மீட்டரிலேயே சரியும்.

தோண்டும் முன் கேபிளும் குழாயும் எங்கே போகின்றன என்று கேட்பதற்கு 2023 முதல் மத்திய அரசின் ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டும், முதல் இரண்டு இடங்களில் கையால் சோதனைக் குழி போடுவது நல்லது. வரைபடத்தில் உள்ள குழாய் தெருவில் ஓரடி தள்ளியிருப்பது சகஜம்.

சிறுபாலக் கண்களைத் தூர்வாருவதில் ஒரு எச்சரிக்கை. ஆகாயத்தாமரைக்கும் மழையில் அடித்து வந்த மரத்துக்கும் கிராப்பிள் என்ற பிடிகருவிதான் சரி. மண்ணோடு அள்ளாமல் செடியை மட்டும் எடுக்கும். வண்டலுக்குப் பல் இல்லாத அகலமான, துளைகள் கொண்ட வாய்க்கால் பக்கெட். பல் வைத்த சாதாரண பக்கெட்டால் கண்ணின் வாயில் தோண்டினால் தரைத்தளத்தைக் காக்கப் பதித்த கற்கள் பெயர்ந்து வரும். 2015 மழையிலும், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பரில் தென்பெண்ணையிலும் வந்தது போன்ற வெள்ளத்தில், அப்படிப் பெயர்த்த இடத்திலிருந்துதான் ஆறு அரிக்கத் தொடங்கும். தூர்வாரியது தூணின் அடியைப் பறித்ததாக முடிந்துவிடக்கூடாது.

குயிக் கப்ளர் மாட்டிய வண்டிகள் இப்போது வரத் தொடங்கியுள்ளன. கருவி மாற்றுவது ஐந்து நிமிட வேலையாகிறது, நல்லதுதான். ஆனால் பூட்டுப் பின் சரியாக விழாமல் இரண்டு டன் கருவி கழன்று விழுந்தால் கீழே இருப்பவர் பிழைக்க மாட்டார். ஒவ்வொரு முறை மாட்டிய பின்னும் கருவியைத் தரையில் ஊன்றி அழுத்தி, முன்பின் ஆட்டிப் பார்த்து, பின்னைக் கண்ணால் பார்த்த பிறகே தூக்க வேண்டும். ஹோஸ் முனைகளுக்கு மூடி போடாமல் மணலில் கிடத்துவதையும் நிறுத்த வேண்டும். ஒரு சிட்டிகை மணல் போதும், பம்ப் போய்விடும்.

உடைத்த காரையை ஆற்றங்கரையில் கொட்டும் வழக்கமும் இந்தக் கருவிகளோடு தொடர்புடையதுதான். பிரேக்கர் உடைத்த பெரிய கான்கிரீட் துண்டுகள் யாருக்கும் உதவாது, கொட்டத்தான் தோன்றும். பல்வரைசர் நொறுக்கியதைச் சலித்தால் சாலையின் அடிப்படுகைக்கு ஆகும். 2016ஆம் ஆண்டு திருத்திய ஐஎஸ் 383 தரவிதி, இந்த மறுசுழற்சி ஜல்லியை மெலிந்த (சிமென்ட் குறைந்த) கான்கிரீட்டில் முழுமையாகவும், எம் 25 தரம் வரையிலான கம்பி போட்ட கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும் அனுமதிக்கிறது. உப்பு ஊறிய பாலத்திலிருந்து எடுத்ததைக் கம்பி கான்கிரீட்டில் மட்டும் சேர்க்கக்கூடாது.

தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைத் துறையும் புதுச்சேரியில் பொதுப்பணித் துறையும் அடுத்த எஸ்டிமேட்டுகளில் சில சொற்களைச் சேர்த்தால் போதும். மணிக்கணக்கு வாடகைக்குப் பதிலாக வேலையின் பெயரில் தனி இனம்: தார் மில்லிங் சதுர மீட்டருக்கு, வெட்டுக் கோடு நீள மீட்டருக்கு, தாடையால் நொறுக்குதல் கன மீட்டருக்கு, அடுக்கடுக்காக இறுக்கி மூடுதல் கன மீட்டருக்கு, அடர்த்திச் சோதனையோடு. மணிக்கணக்கில் பணம் தரும்வரை கையில் உள்ள பிரேக்கரை ஓட்டுவதுதான் ஒப்பந்ததாரருக்கு லாபம்; அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருவழி லைனும் வடிகால் குழாயும் உள்ள வண்டி என்று டெண்டரில் ஒரு வரி கேட்டால், வாடகை வண்டி வைத்திருப்பவர்கள் அடுத்த சீசனுக்குள் தாங்களாகவே போட்டுக்கொள்வார்கள். தை பிறந்து வேலை தொடங்கும் முன் அந்த வரி எழுதப்பட்டால் அடுத்த ஐப்பசிக்குள் சில பாலங்களிலாவது வித்தியாசத்தைப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
பணித்தள மேற்பார்வையாளர்கள் மற்றும் எக்ஸ்கவேட்டர் ஆபரேட்டர்கள்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.